இதர அசௌகரியங்கள்

எங்கள் வீதியில் ஒன்பது மாடிக் கட்டடம் வரப்போகிற சேதி எனக்கு மாவு மில்லில்தான் தெரிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராகியைத் தூக்குப்போசியில் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் நாலு பேர். அதற்குள் அவர்களிடம் அஞ்சு அபிப்பிராயம்.

"லிஃப்டெல்லாம் வெக்கறாங்களாமுங்க. இனி நம்ம வீதிக்கு மவுசுதான்."

"என்னத்த மவுசு? ஒம்பது மாடிக்கும் மோட்டாரப் போட்டு உறிஞ்சுனா நம்ம கெணறு என்னத்துக்கு ஆகும்?"

"எடத்து வெல ஏறுமுங்கல்ல?"

"ஏறி? நீங்க வித்துப்போட்டு எங்க போயிக் குடியிருப்பீங்க?"

மாவு மில்காரர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, ஒன்பது மாடிச் சனமும் மாவரைக்க நம்மகிட்டத்தான வரோணும் என்று சிரித்தார். அவியெல்லாம் பாக்கெட் மாவு வாங்கறவிங்க என்று ஒருத்தர் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போய், அப்படியானால் கட்டடம் வேண்டாம் என்ற கட்சிக்கு அங்கேயே மாறிவிட்டார். எங்கள் வீதியின் பொது அபிப்பிராயம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல நான் யார்? என் யோக்கியதையைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

கட்டடம் வர இருந்தது பழைய பஞ்சு குடோன் இருந்த இடத்தில். அதற்குக் கிழக்கே எங்களைப் போன்ற சொந்த வீட்டுக்காரர்கள். மேற்கே ஒரு லைன் வீடு. ஒட்டுச் சுவராக ஏழு குடித்தனம். வாடகைக்காரர்கள், பெரும்பாலும் மில்லுக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள். லைனுக்கும் குடோனுக்கும் நடுவில், ஓர் ஆள் உயரச் சுவர் வைத்துத் தடுத்த பொடக்காலி. அங்கேதான் ஏழு வீட்டுப் பெண்களும் குளிப்பார்கள். விறகடுப்பில் வெந்நீர் காய்வதால் புகை போகட்டும் என்று மேலே கூரை போடவில்லை. குடோன் இருந்த வரைக்கும் மேலே இருந்து எட்டிப் பார்க்கக் காக்காயைத் தவிர வேறு யாரும் இல்லை.

நான் அப்போது காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் ஹையர் பாஸ். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதிலிருந்து சிறுவாணித் தண்ணீர் சரியாக வரவில்லை என்பது வரைக்கும், வீதியில் எந்த மனுவானாலும் என் கைக்குத்தான் வரும். 'டீச்சர் எழுதுனா ஆபீசுல மறுபேச்சு இல்லீங்க' என்பார்கள். எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

வீதிச் சங்கத்துக்குத் தலைவர் ஒரு ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். கட்டடத்தை எதிர்த்து மனுக் கொடுப்பதென்று அவர் வீட்டு வாசலில் முடிவானது. கிணறு வற்றும், சலதாரையில் சாக்கடை நிரம்பும், லாரி வரும், ஜெனரேட்டர் சத்தம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வடகம் காயாதுங்க என்று ஓர் அம்மா சொன்னதை மேனேஜர் 'சூரிய ஒளி மறைப்பு' என்று குறித்துக்கொண்டார். அந்தச் சீட்டோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மத்தியானம் லைன் வீட்டு அக்கா வந்தார். எனக்குப் பத்து வயசு மூத்தவர். மில்லில் நூல் சுற்றுகிற வேலை. காலை ஆறுக்குப் போனால் ரெண்டு மணிக்கு விடுவார்கள். ரெண்டரைக்கு வீதியில் வருவார். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் கதவைத் திறந்தேன்.

"ஏனுங் டீச்சர், மனு எழுதறீங்களாமா?"

"ஆமாங்கக்கா. உள்ள வாங்க."

"இல்லீங்க, மேலெல்லாம் பஞ்சு. இங்கியே நின்னுக்கறனுங்க." தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். "எங்க பொடக்காலி உங்குளுக்குத் தெரியுமுங்கல்ல? மேல ஒண்ணுமில்லீங்க. ஒம்பது மாடி வந்து மேலருந்து பாத்தா, நாங்க மேலுக்குத் தண்ணி ஊத்திக்கறது அப்பிடியே தெரியுமுங்க. மத்தவிங்க விடியறதுக்கு முந்தி ஊத்திக்குவாங்க. நான் பட்டப்பகல்ல வர்றவ. ஊத்திக்காம சோறாக்க முடியாதுங்க, அரிச்சே கொன்னுபோடுமுங்க. நீங்களும் பொம்பளதான, அதான் உங்குகிட்டச் சொல்றனுங்க. அதையும் ஒரு வரி எழுதிப்போடுங்க அம்மணி."

"கண்டிப்பா எழுதறனுங்கக்கா" என்றேன். மனசார எழுதத்தான் நினைத்தேன்.

பொழுதோட, இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் எல்லாம் போனபின் மனுவை அடித்தேன். மூன்று காகிதம், நடுவில் ரெண்டு கார்பன். ஏழு வரிசை எண் ஒழுங்காக வந்தது. எட்டாவதாக, 'மேற்படி கட்டடத்தின் மேற்கே உள்ள ஏழு வீடுகளின் குளியலறைகளுக்குக் கூரை இல்லாததால், பெண்கள் குளிப்பது' என்று அடித்தேன். அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம். எந்த மனுவானாலும் பிள்ளையார் கோயில் முன்னால் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காதவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும் என்று யாரோ புண்ணியவான் ஏற்படுத்தியது. மேனேஜர் கணீரென்று வாசிப்பார். 'பெண்கள் குளிப்பது' என்று அவர் வாயால் வரும். டீக்கடை ஆண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் இதை அடித்தது யார் என்று என் பக்கம் திரும்புவார்கள். நினைக்கும்போதே எனக்குக் காது சூடானது. கருமம், ஒரு டீச்சர் இதையெல்லாமா எழுதுவாள்!

காகிதத்தை உருவிக் கசக்கிப் போட்டேன். புதுசாக ஏழு வரியையும் அடித்து, எட்டாவதாக 'பெண்களுக்கு ஏற்படக்கூடிய இதர அசௌகரியங்கள்' என்று முடித்தேன். படித்துப் பார்த்தேன். கௌரவமாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் வாசித்தார்கள். லைன் பெண்கள் ஓரமாக நின்று கேட்டார்கள். எட்டாவது வரி வந்தபோது அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட வந்தவர் பேனாவை வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"இதரன்னு படிச்சாங்களே, அது எங்க சங்கதிதானுங்க?"

"ஆமாங்கக்கா, எல்லாம் அதுக்குள்ள அடக்கம். ஆபீசர் வாறப்ப நான் விவரமாச் சொல்லிக்கறேன்."

"நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்குமுங்க" என்று, எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டுக் கொடுத்தார்.

மனுக் கொடுத்து ஒரு மாசம் போல இருக்கும். இடத்தைப் பார்த்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். இடித்த குடோனின் மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். கட்டுகிறவர்கள் தரப்பில் ஓர் இன்ஜினியர் நீல வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன். சண்டைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் மோர் கொடுக்கச் சொன்னார். இருபது ஆண்கள் முன்னால். பெண்கள் பத்துப் பேர் பின்னால், வேப்பமர நிழலில். மேனேஜர் என்னை மட்டும் முன்னால் வரச் சொல்லி, மனுவின் நகலோடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பெருமைதான்.

ஒவ்வொரு வரியாகக் கேட்டார்கள். போர்வெல்லைக் கிணற்றிலிருந்து தள்ளிப் போடுவதாக இன்ஜினியர் ஒத்துக்கொண்டார். லாரி பள்ளிக்கூட நேரத்தில் வராது என்றார். ஜெனரேட்டர் எங்கள் பக்கத்துச் சுவரை ஒட்டி வருவதாக இருந்தது. மேனேஜர் சத்தம் போட்டதும் அதை மேற்கு மூலைக்கு மாற்றிப் பென்சிலால் வரைந்து காட்டினார். மேற்கு மூலை என்றால் லைன் வீட்டுப் பக்கம். அங்கேயிருந்து கத்த யாரும் முன்னால் நிற்கவில்லை. "எதானாலும் இப்பவே சொல்லீருங்க. தூண் எழும்பிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று அவரே ரெண்டு தரம் சொன்னார்.

அதிகாரி எட்டாவது வரிக்கு வந்தார். "இதர அசௌகரியங்கள்னா என்ன?"

மேனேஜருக்குத் தெரியவில்லை. "டைப் பண்ணுனது நம்ம டீச்சருங்க. சொல்லுங்க டீச்சர்" என்றார்.

இருபது தலை என் பக்கம் திரும்பியது. டீக்கடைக்காரர், மாவு மில்காரர், என் புருஷன், எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர். ஒரே ஒரு வாக்கியம்தான். 'அந்த ஏழு வீட்டுப் பொம்பளைகளுக்குக் குளிக்க மறைவு இல்லாமப் போகுமுங்க சார்.' வாயில் உருட்டிப் பார்த்தால் அப்படி என்ன ஆபாசம் அதில்? ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஒண்ணுமில்லீங்க சார். பொதுவாப் போட்டதுங்க."

"மனுன்னா கடேசில அப்பிடி ஒண்ணு போடறதுதானுங்க" என்று மேனேஜர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகாரி சிவப்புப் பேனாவால் எட்டாவது வரியை அடித்தார். வேப்பமரத்துப் பக்கம் நான் திரும்பவே இல்லை. மணி பன்னிரண்டு இருக்கும்; அக்கா மில்லில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் சொல்லிக்கொண்ட சமாதானங்களைக் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். இன்ஜினியரைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம், கடிதம் எழுதிப் போடலாம், தூண்தானே எழும்பியிருக்கிறது, சுவர் வைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாடி தளம் போடும்போதும் ஒரு சமாதானம். எழுதிப் போட எனக்கு என்ன, டைப்ரைட்டர் இல்லையா? ரெண்டு வருஷம் தினம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

கட்டடம் ஏற ஏற வீதியின் பேச்சும் மாறியது. எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவர்களே ஒறம்பரைச் சனம் வந்தால் தங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பை 'ஒம்பது மாடி எறங்கு' என்று கூப்பிட ஆரம்பித்தார். அதைக் கேட்டு நாங்களும் நிமிர்ந்து இறங்கினோம். லைன் பெண்கள் விடியுமுன் குளிப்பதை இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்கா என்ன செய்கிறார் என்று நான் விசாரிக்கவில்லை. காய் வாங்க லைன் வழியாகப் போகிறவள், சுற்றிக்கொண்டு அடுத்த வீதி வழியாகப் போனேன். அந்த வழியில் நிழல் இருக்கிறது என்று வீட்டில் காரணம் சொன்னேன்.

கட்டடம் முடிந்ததும் ஆறாவது மாடியில் ஒரு வீட்டை யார் வாங்கியது என்கிறீர்கள்? எங்கள் சங்கத் தலைவரேதான், மகனுக்காக. பால் காய்ச்ச வீதியையே அழைத்திருந்தார். லிஃப்டில் ஏறப் பயந்து பாதிப் பேர் படியேறினோம். விருந்து முடிய மணி ரெண்டரையைத் தாண்டிவிட்டது. பீடாவைப் போட்டுக்கொண்டு எல்லோரும் மேற்குப் பால்கனிக்குப் போனோம். "அங்க பாருங்க, மருதமலை தெரியுது" என்று மேனேஜர் காட்டினார். தெரிந்தது. அதற்குத்தானே பால்கனிகளையெல்லாம் மேற்கே வைத்திருந்தார்கள்.

விருந்தாளி ஒருத்தர் மலையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தார். "அட, இங்க பாருங்கப்பா கூத்த! கொடையப் புடிச்சுட்டுக் குளிக்கறாங்க!"

எட்டிப் பார்த்தேன். பொடக்காலிச் சுவர் இடுக்கில் ஒரு கிழிந்த கறுப்புக் குடையைச் சொருகிவைத்து, அதன் அடியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கட்டிய சேலையோடு, அக்கா சொம்பில் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். குடைக்கு வெளியே முதுகு தெரிந்தது. காற்றில் குடை சாய்ந்தபோது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊற்றினார். தலையிலிருந்த பஞ்சு வழிந்து சலதாரையில் போனது ஆறாவது மாடிக்குத் தெரிந்தது.

"என்னுங்க சிரிப்பு வேண்டிக் கெடக்குது? அக்கா தங்கச்சியோட பொறந்தவர்தான நீங்க?" என்று அந்த விருந்தாளியின் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் பீடாவை விழுங்கிவிட்டார். எல்லோரும் அசந்துபோனார்கள். என் புருஷன் கையைப் பிடித்து இழுத்தார். கோபம் அந்த ஆள்மேல் இல்லை என்று எனக்குத்தானே தெரியும்.

இன்ஜினியரும் அங்கே இருந்தார். கீழே பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். "அடடா, இதை யாருமே சொல்லலீங்களே. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏழு ஊட்டுக்கும் தகரம் போட்டு, பொகை போக ஒரு கொழாயும் வெச்சுக் குடுத்திருப்பமுங்க. எங்க ஆளுகளுக்கு ஒரு நாள் வேல. இந்தச் சைட்டுல மிஞ்சுன தகரமே போதுமுங்க."

"இப்பப் போட்டுக் குடுங்க" என்றேன்.

"இப்ப எங்குளுக்கு இங்க வேல முடிஞ்சுதுங்க. அதுவுமில்லாம அந்த லைன் வீட்டுச் சொந்தக்காரர் இனி ஆணியடிக்க உடமாட்டாருங்க. அவரும் இடிச்சுக் கட்டத்தான் ஆள் பாத்துட்டிருக்காரு."

நான் விடவில்லை. மறுநாள் லைன் சொந்தக்காரருக்கு டெலிபோன் போட்டேன். இன்ஜினியர் சொன்ன அதே பதில்தான் வந்தது, இன்னும் மரியாதையாக. "இடிக்கப் போற எடத்துக்குத் தகரம் எதுக்குங் டீச்சர்?"

அன்றைக்கு ரெண்டரை மணிக்கு, ரெண்டு வருஷத்துக்கப்புறம், லைன் வாசலில் போய் நின்றேன். அக்கா பஞ்சோடு வந்தார்.

"எங்கூட்டுப் பாத்ரூம்ல வந்து ஊத்திக்குங்கக்கா. தெனமும் வாங்க. எங்கூட்டுல அந்நேரத்துக்கு ஆம்பளைக ஆரும் இருக்கறதில்ல."

"வேண்டாமுங்க, உங்குளுக்கு எதுக்குச் செரமம்" என்றார். நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வற்புறுத்திக் கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது அவருக்கு. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். புதுச் சோப்பு எடுத்து வைத்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அவர் நிம்மதியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டேன். இதையே ரெண்டு வருஷமாகச் செய்திருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

குளித்து முடித்தும் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், கதவைத் திறந்துவைத்துக் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டையில் சிக்கிய பஞ்சை விரலால் நோண்டி எடுத்துத் தாளில் சேர்த்துக்கொண்டிருந்தார். தரையையும் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"அக்கா, அதெல்லாம் நீங்க செய்யக் கூடாதுங்க" என்றேன். அப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. "நான் உங்குளுக்குப் பெரிய துரோகம் செஞ்சுபோட்டனுங்கக்கா. அன்னிக்கு ஆபீசர் வந்தப்ப…"

"தெரியுமுங்க அம்மணி" என்றார் நிமிராமலே. "நானும் அங்கதான் நின்னுட்டிருந்தனுங்க. மில்லுல அரை நாள் லீவு சொல்லிப்போட்டு வந்தன். வேப்பமரத்துகிட்ட, உங்குளுக்குப் பொறத்தால."

கதவைப் பிடித்துக்கொண்டேன். "அப்பறம் ஏனுங்கக்கா பேசாம இருந்தீங்க? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்கல்ல?"

அக்கா எழுந்து, பஞ்சுத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சொல்லலாமுன்னுதான் முன்னால வந்தனுங்க. அதுக்குள்ள நீங்க ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டீங்க. அப்பறம் நான் வந்து இருக்குதுன்னு சொன்னா, அத்தன பேரு முன்னால உங்குளுக்குத்தான மருவாதக் கொறச்சல்? வீதிக்கே மனு எழுதறவிங்க நீங்க. உங்களப் போயிப் பொய்யாக்க முடியுமுங்களா? அதான் அப்பிடியே திரும்பிப்போட்டன்."

இதைக் கோபமில்லாமல் சொன்னார். குத்திக்காட்டவும் இல்லை. ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "சோப்பு நல்ல வாசமுங்க. வாரனுங்க" என்று கிளம்பிப் போனார். மறுநாள் வெந்நீர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன், வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் மாசம் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சாமான் ஏற்றிய டெம்போவின் பக்கத்தில் அக்கா நிற்பதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். எங்கே போகிறார் என்று போய்க் கேட்டிருக்க வேண்டும். அதற்கும் எனக்கு வாய் வரவில்லை.